இருபது பவுண்டு கொடுத்துப் போய்ப் பார்த்த டன்லூஸ் கோட்டை

வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையிலுள்ள டன்லூஸ் கோட்டையைப் பார்த்துத் திரும்பி இரண்டு நாட்கள்கூட ஆகவில்லை. வாடகைக் கார்க்காரர் மீதான எரிச்சலும் இன்னும் அடங்கவில்லை. பெல்ஃபாஸ்ட்டிலிருந்து ரயிலில் வந்து போர்ட்ரஷ்ஷில் இறங்கியபோது, நான் நம்பியிருந்த பேருந்து கண்ணெதிரே கிளம்பிப் போயிற்று. அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும், மழையும் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு 20 பவுண்டு கேட்டவரிடம் பேரம் பேசத் திராணியின்றி ஏறி அமர்ந்தேன். பவுண்டை ரூபாயாக்கிப் பார்ப்பதில்லை என்று புறப்படும்போது எடுத்த சபதம், இறங்குவதற்குள் முறிந்துவிட்டது: இரண்டாயிரம் ரூபாய்க்கும் மேல்!

ஆனால் வளைவு திரும்பியதும் கோட்டை தெரிந்தபோது, அந்தக் கணக்கு சற்று நேரம் மறந்துபோனது. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கரிய எரிமலைப் பாறையின் விளிம்புவரை சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பாறைக்கும் நிலத்துக்கும் இடையே பெரும் பிளவு, அதைக் கடக்க ஒரு பாலம். அதில் நடக்கையில் என் குடை பின்புறமாக மடங்கி முறிந்தது. அங்கே செல்பவர்கள் குடையை விட்டுவிட்டு, தலையை மூடும் மழைக்கோட்டு எடுத்துச் செல்வதே நல்லது.

மக்குவில்லன் குடும்பத்தாரிடம் இருந்த இக்கோட்டை 16ஆம் நூற்றாண்டில் மாக்டொனெல்களின் கைக்கு வந்தது. 1588இல் இங்கிலாந்தைத் தாக்க ஸ்பெயின் அனுப்பிய ஆர்மடா என்னும் கடற்படையைச் சேர்ந்த ஹிரோனா என்னும் கப்பல் அருகிலுள்ள லக்காடா முனையில் மோதி உடைந்தது. அதில் இருந்தவர்களில் ஒரு சிலரே பிழைத்தனர். அக்கப்பலின் பீரங்கிகளை எடுத்துவந்து கோட்டையில் பொருத்தினாராம் சோர்லி பாய் மாக்டொனெல். கடலடியிலிருந்து 1960களின் இறுதியில் மீட்கப்பட்ட அதன் தங்க நகைகள் இப்போது பெல்ஃபாஸ்ட்டின் அல்ஸ்டர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முந்தைய நாளே அவற்றைப் பார்த்திருந்ததால், வாயில் கோபுரத்தின் கீழ் நின்றபோது எனக்குச் சற்றுக் கூடுதலாகவே சிலிர்த்தது.

1639இல் ஒரு புயலிரவில் கோட்டையின் சமையலறை, அங்கிருந்த ஆட்களோடு கடலில் சரிந்தது என்றும், மூலையில் இருந்த எடுபிடிச் சிறுவன் மட்டும் தப்பினான் என்றும் ஒரு கதை உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை; அதற்கு வெகுகாலத்துக்குப் பின் வரையப்பட்ட ஓவியங்களில் அந்தப் பக்கத்துச் சுவர் நின்றுகொண்டிருக்கிறது. இருந்தும், கூரையற்ற மாளிகையில் நின்று கீழே அலை மோதும் ஓசையைக் கேட்கும்போது, கதையை நம்பிவிடலாமா என்றே தோன்றுகிறது.

போர்ட்ரஷ் திரும்பி, பாலேடு சேர்த்த மீன் சூப்பையும் வெண்ணெய் தடவிய சோடா ரொட்டியையும் உண்ட பிறகே விரல்களுக்கு உணர்வு வந்தது; இப்பயணத்திலேயே மிகச் சிறந்த உணவு அதுதான். திரும்பி வந்த பேருந்து குறித்த நேரத்துக்கு வந்தது. கட்டணம் அந்தக் காருக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட இல்லை.