23 கேள்விகள், 19 பதில்கள்

வழிகாட்டி ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு துண்டுத் தாளில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பால் கணக்கு எழுதுவது போல நான்கு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே ஓர் இழுப்பு. நான் ஏழாம் வகுப்புக்கு இயற்கணிதக் கோவை நடத்திக்கொண்டிருந்தேன். பயிற்சி ஆசிரியையாகப் பள்ளிக்குள் நுழைந்து அது இரண்டாவது வாரம். மணி அடித்ததும் தாளை என்னிடம் நீட்டினார். இடப்பக்கம் 23, வலப்பக்கம் 19.

"23 கேள்வி கேட்டாய். 19 கேள்விக்கு நீயே பதிலும் சொல்லிவிட்டாய். அப்புறம் பிள்ளைகள் எதற்கு வந்தார்கள்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. கல்லூரியில் என்னை நன்றாகக் கற்பிக்கிறவள் என்று சொல்லியிருந்தார்கள்.

2017இல் பி.எட். சேர்ந்தேன். ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் இடையில். கணிதத்தில் இளநிலைப் பட்டம். அரசுக் கல்வியியல் கல்லூரியில் இடம் கிடைக்காமல் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். பி.எட். இரண்டு வருடப் படிப்பாகியிருந்த புதிது. 2015க்கு முன்பு ஒரே வருடத்தில் முடித்த அக்காமார்கள் எங்களைப் பார்த்துப் பாவப்பட்டார்கள். முதல் வருடத்தில் குழந்தைப் பருவம், சமகால இந்தியா, கற்றலும் கற்பித்தலும் என்று தாள் தாளாகப் போயிற்று. படித்தேன், எழுதினேன், தேறினேன். அதில் சொல்ல அதிகமில்லை.

சொல்ல வேண்டியது நுண்ணிலைக் கற்பித்தலைப் பற்றி. 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் குழுவினர் உருவாக்கிய முறை. கற்பித்தலைத் தனித்தனித் திறன்களாகப் பிரித்து, ஒரு நேரத்தில் ஒரு திறனை மட்டும் பழக வேண்டும். பாடம் தொடங்கும் திறன், கிளர்வினா கேட்கும் திறன், வலுவூட்டும் திறன், கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன். ஆறு நிமிடம் கற்பித்து, ஆறு நிமிடம் குறைநிறை கேட்டு, பன்னிரண்டு நிமிடத்தில் திட்டத்தைத் திருத்தி, மறுபடி ஆறு நிமிடம் கற்பித்து, மறுபடி ஆறு நிமிடம் கேட்டுக்கொள்வது. மொத்தம் 36 நிமிடச் சுற்று. காகிதத்தில் பார்த்தால் அருமையான ஏற்பாடு. ஆனால் மாணவர்களாக உட்கார்ந்திருந்தவர்கள் என் வகுப்புத் தோழிகள். புடவை கட்டிக்கொண்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக நடித்து, கேள்வியை நான் முடிக்கும் முன்பே சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். அடுத்து அவர்கள் முறை வரும்போது நானும் அப்படியே சொல்ல வேண்டும் என்ற ஒப்பந்தம். அதனால் பதில் வராத கேள்வி என்ற ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிற்று.

2018 ஆகஸ்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சிக்காக அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் உண்மையான பிள்ளைகள். கேள்வி கேட்டால் மின்விசிறியைப் பார்ப்பார்கள், பக்கத்தில் இருப்பவனைப் பார்ப்பார்கள், சுவரைப் பார்ப்பார்கள். அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. நானே பதிலைச் சொல்லிவிட்டு, "புரிந்ததா?" என்பேன். "புரிந்தது டீச்சர்" என்று ஒரே குரலில் வரும். அதைத்தான் நான் வெற்றி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

வழிகாட்டி ஆசிரியை சொன்ன வைத்தியம் சின்னது. "கேள்வி கேட்டபின் வாயை மூடிக்கொண்டு மனத்துக்குள் மூன்று வரை எண்ணு. நிதானமாக." பிற்பாடு கற்பித்தல் புத்தகம் ஒன்றில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிப் படித்தேன். 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டவர். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்களாம். அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டிருக்கிறார். எங்கள் டீச்சர் அவரைப் படித்ததில்லை. அவருக்கு இது அனுபவத்தில் வந்தது. மூன்று விநாடி எவ்வளவு நீளம் என்பது, நாற்பது பிள்ளைகள் முன்னால் சும்மா நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு இரண்டிலேயே வாய் திறந்துவிடும்.

வேறு சிலவற்றையும் அவரிடம் கற்றேன். கரும்பலகையில் என் எழுத்து வலப்பக்கம் போகப் போகக் கீழே சரியும். "கையை நீட்டி நீட்டி எழுதாதே, எழுத்தோடு நீயும் நகர்" என்றார். சாக்பீஸை இரண்டாக ஒடித்து எழுதினால் கிரீச்சிடாது என்பதும் அவர் காட்டியதுதான். இவையெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை, அல்லது நான் பார்த்த எதிலும் இல்லை.

பாடநூலில் இருந்தது ரெக்கார்டு. பாடத்திட்டப் பதிவேடு, நுண்ணிலைக் கற்பித்தல் பதிவேடு, உளவியல் செய்முறை, தனியாள் ஆய்வு, துணைக்கருவிகள், ஆல்பம் என்று ஒரு பெட்டி நிறைய. ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஆசிரியர் செயல்பாடு ஒரு பத்தியில், மாணவர் செயல்பாடு எதிர்ப்பத்தியில். பஸ் நிலையத்தின் அருகே ஜெராக்ஸ் கடையில் காசு கொடுத்தால் அழகான கையெழுத்தில் மொத்தமும் எழுதித் தருவார்கள். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான் வாங்கினார்கள். நான் வாங்கவில்லை. நேர்மை ஒன்றும் காரணமில்லை, காசு இல்லை. ஆனால் அந்த 23, 19 தாளை வாங்கிய இரவு என் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். மாணவர் செயல்பாடு பத்தியில் மேலிருந்து கீழ்வரை "மாணவர்கள் உற்றுநோக்குகின்றனர்", "மாணவர்கள் கவனிக்கின்றனர்" என்று என் கையாலேயே எழுதியிருந்தேன். ஜெராக்ஸ் கடைக்காரர் எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பார்.

நவம்பர் 15 இரவு கஜா புயல் வந்தது. 16ஆம் தேதி விடிந்தபோது எங்கள் பக்கத்துத் தோப்புகளில் தலை நிமிர்ந்து நின்ற தென்னையை எண்ணிவிடலாம். மின்கம்பங்கள் சாய்ந்து, பல நாட்கள் எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியும்தான் வெளிச்சம். எங்கள் வீட்டு ஓடு பறந்ததில் பெட்டிக்குள் இருந்த பதிவேடுகள் நனைந்தன. மை கரைந்து நீலக் குளமாக இருந்தது. பள்ளி நிவாரண முகாமாயிற்று. மறுபடி வகுப்பு தொடங்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது.

ஆறாம் வகுப்புக்கு அந்த வருடம் புதுப் பாடநூல். இரண்டாம் பருவக் கணிதத்தில் பட்டியல், இலாபம், நட்டம் என்று ஓர் இயல். அதற்கான பாடத்திட்டத்தை அக்டோபரிலேயே எழுதி, ஒப்புதல் கையெழுத்தும் வாங்கியிருந்தேன். முதல் கணக்கு இது: ஒரு வியாபாரி 100 தேங்காய்களை 1,200 ரூபாய்க்கு வாங்கி, ஒன்று 15 ரூபாய் வீதம் விற்றால் இலாபம் எவ்வளவு?

வகுப்பில் பாதி இருக்கை காலி. வந்திருந்தவர்களில் பலர் சீருடையில் இல்லை. கணக்கைக் கரும்பலகையில் பாதி எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுதியதை அழிக்கவும் தோன்றவில்லை, முடிக்கவும் தோன்றவில்லை. அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பையன், அதுவரை என் வகுப்பில் வாயே திறக்காதவன், சொன்னான்: "எங்கள் தோப்பில் 41 மரம் விழுந்துவிட்டது டீச்சர். மரத்துக்கு 1,100 ரூபாய் தருவார்களாம்."

அரசு அறிவித்த நிவாரணம் அது. மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500. வீட்டில் எல்லாரும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள், அதனால் பிள்ளைகளுக்கு மனப்பாடம். "அந்த 500க்கு வெட்ட ஆள் வராது" என்றான் இன்னொருவன். சரி, வருகிறார் என்றே வைத்துக்கொள்வோம் என்று 41ஐ 600ஆல் பெருக்கினோம். 24,600. கரும்பலகையில் எழுதிவிட்டு, பழக்க தோஷத்தில் கேட்டேன்: "இது இலாபமா, நட்டமா?"

கேட்டபின்தான் எவ்வளவு அபத்தமான கேள்வி என்று புரிந்தது. நட்டம் என்று சொல்ல என் வாய் வரவில்லை. நான் எண்ணவும் இல்லை. சும்மா நின்றேன். மூன்று விநாடிக்கு மேலேயே இருக்கும். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் எழுந்து, "அடக்க விலை தெரியாமல் எப்படிச் சொல்வது டீச்சர்?" என்றாள்.

இலாபம், நட்டம் இயலின் சாரமே அந்த ஒரு வரிதான். இரண்டு பாடவேளையில் நான் சொல்ல நினைத்ததை அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அதன்பிறகு என் திட்டம் எங்கோ போய்விட்டது. ஒரு தென்னம்பிள்ளை என்ன விலை, காய்ப்புக்கு வர எத்தனை வருடம், ஆறா ஏழா, அதுவரை தண்ணீருக்கும் எருவுக்கும் எவ்வளவு, பறிகூலியை எதில் சேர்ப்பது, தாத்தா வைத்த மரத்துக்கு அடக்க விலை உண்டா. கடைசிக் கேள்விக்கு இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையே வந்தது. தென்னங்கன்றைப் பிள்ளை என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். அன்று அந்தச் சொல்லைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டது என்னவோ போல் இருந்தது. கணக்கு முடியவில்லை. மணி அடித்துவிட்டது.

கோடு போட்டு எண்ண அன்று வழிகாட்டி ஆசிரியை வகுப்பில் இல்லை. முகாமில் அரிசிக் கணக்கு எழுதப் போயிருந்தார். பதிவேட்டை மறுபடி எழுதியபோது அந்த நாளுக்கு 100 தேங்காய் வாங்கிய வியாபாரியையே எழுதினேன். ஒப்புதல் வாங்கிய திட்டம் அதுதானே. செய்முறைத் தேர்வுக்கு வந்த வெளித்தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "நன்றாக இருக்கிறது, துணைக்கருவி இன்னும் ஒன்று சேர்த்திருக்கலாம்" என்றார்.

பி.எட். சான்றிதழ் மட்டும் போதாது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒன்று முதல் எட்டு வகுப்புவரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஆறு முதல் எட்டு வரைக்கு இரண்டாம் தாள். குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, கணிதம்-அறிவியல் 60, ஆக 150. பொதுப் பிரிவுக்கு 90 எடுக்க வேண்டும், என் போன்ற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு அப்போது 82. 2019 ஜூன் 9ஆம் தேதி எழுதினேன். 79. மூன்று மதிப்பெண்! தாவரவியலில் தோற்றேன். கணிதம் படித்தவள் அறிவியலையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது அந்தத் தாளின் அமைப்பு. கையில் இருந்ததோ பழைய பாடநூல்கள், ஏழுக்கும் எட்டுக்கும் புதிய நூல்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. ஆறுதல் என்று சொன்னால் கேவலம்தான், ஆனால் அந்த முறை லட்சக்கணக்கானோர் எழுதித் தேறியவர்கள் சில நூறு பேரே.

அடுத்த இரண்டாம் தாள் நடந்தது 2023 பிப்ரவரியில். இடையில் கொரோனா, திருமணம், தனியார் பள்ளி வேலை, ஒரு குழந்தை. எழுதப் போகிறவர்களுக்கு என் ஒரே யோசனை: ஆறு முதல் பத்து வரை பள்ளிப் பாடநூல்களை வரி விடாமல் படியுங்கள். வழிகாட்டி நூல்களுக்கு நான் கொட்டிய காசு வீண். இம்முறை தேர்வு கணினியில். ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில் குளிர்சாதனக் காற்றில் நடுங்கிக்கொண்டு மவுஸைச் சொடுக்கினேன். 88 வந்தது. சான்றிதழ் முன்பு ஏழு வருடத்துக்குத்தான் செல்லும், 2021இல் அதை ஆயுள் முழுவதும் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள்.

சான்றிதழ் ஆயுளுக்கும் இருக்கும், வேலை அதோடு வராது. 2018இல் வந்த அரசாணை 149இன்படி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு. 2024 பிப்ரவரி 4 அன்று அதையும் எழுதினேன். தமிழ்த் தகுதிப் பகுதியைத் தாண்டினேன், தரவரிசையில் நிற்கவில்லை. இப்போது பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில், பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியை. தொகுப்பூதியம். ஏப்ரல் வந்தால் அடுத்த வருடம் உண்டா என்ற கவலையும் வந்துவிடும்.

2025 செப்டம்பரில் வழிகாட்டி ஆசிரியையிடமிருந்து போன் வந்தது. பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று முதல் தேதியன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அவருக்கு ஆறு வருடம் இருந்தது. நவம்பர் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்களே பாக்கி. இருபது வருடத்துக்கு மேல் கற்பித்தவர். குரலில் கோபம் இருந்தது, அதைவிடக் கூச்சம் அதிகமாக இருந்தது. "கணக்கு பார்த்துக்கொள்வேன் அம்மா. அந்த உளவியல்தான் ஒன்றும் ஏறமாட்டேன் என்கிறது. உன் குறிப்பு இருக்கிறதா?"

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்குப் போனில் பியாஜே, குழந்தையின் சிந்தனை நான்கு நிலைகளில் வளர்கிறது என்று சொன்ன உளவியலாளர். முதல் வாரமே நான்கு நிலைகளையும் சொல்லிவிட்டுக் கேட்டேன்: "கண்ணால் காணாததை, 'இப்படி இருந்தால் என்ன ஆகும்' என்று குழந்தை யோசிப்பது எந்த நிலையில், டீச்சர்?"

மறுமுனையில் சத்தமில்லை. பிரஷர் குக்கர் விசில் மட்டும் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"பருப்பொருள் நிலை" என்றார்.

"இல்லை டீச்சர், அதற்கு அடுத்தது. முறையான மனச் செயல்பாட்டு நிலை. பதினொரு வயதுக்கு மேல்."

"பதினொன்றா? என் ஏழாம் வகுப்பை ஒருநாள் வந்து பார்க்கச் சொல் அவரை."

"தேர்வில் அப்படி எழுத முடியாது டீச்சர்."

"தெரியும், தெரியும். சொல், குறித்துக்கொள்கிறேன்."