டீ குடித்தால் நிற்கும் உதறல்

பிக்கப் ஸ்டியரிங் உதறுகிறது என்று இரண்டு பட்டறைக்குப் போனேன். இரண்டு பேருமே ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். பட்டறை வாசலில் அது நல்லாத்தான் இருக்கும்.

ராத்திரி ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றி மதுரைக்குக் கிளம்புவேன். திண்டுக்கல் வரை எழுபதில் போனாலும் ஒரு விரலில் பிடிக்கலாம். கொடைரோடு தாண்டினால் அதே எழுபதில் ஸ்டியரிங் கையை உதறும். வாடிப்பட்டியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு எடுத்தால் மதுரை வரை மூச்சு விடாது. சில நாள் வரவே வராது.

முதல் பட்டறையில் வீல் பேலன்சிங் பார்த்து வெயிட் அடித்தார்கள். அடுத்த இடத்தில் ஸ்டியரிங்கை வீலோடு இணைக்கிற டை ராட் எண்டை மாற்றினார்கள். பணம் போனதுதான் மிச்சம். எனக்கே அப்போது உறைத்திருக்க வேண்டும். பேலன்சிங் கோளாறென்றால் அந்த வேகம் வந்ததும் தினமும் வரும். டை ராட், பால் ஜாயிண்ட் மாதிரி மூட்டுகள் தேய்ந்திருந்தால் குழியில் இறங்கி ஏறும்போது காட்டிக்கொடுக்கும். எதுவுமே டீக்கு நிற்காது.

ஒருநாள் டீக்கடையில் இறங்கியதும் கருகல் வாடை. இத்தனை நாளாக, முன்னால் போகிற லாரியின் வாடை என்றே நினைத்திருந்தேன். புறங்கையை இடது முன்வீல் பக்கம் கொண்டுபோனேன், வெதுவெதுப்பு. வலதில் ஒரு சாண் தள்ளியே கை நிற்கவில்லை. (தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், சூட்டில் இருக்கிற பிரேக் தட்டு, அதாவது டிஸ்க், கோணிக்கொள்ளும்.)

மறுநாள் வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் சொன்னதும் ஜாக்கி போட்டார். இடது வீல் தட்டியதும் சுற்றியது. வலது அரைச் சுற்றில் நின்றது. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில், பிரேக் ஆயிலிலிருந்து காற்று எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் திறந்தார். அப்போதும் வீல் இளகவில்லை.

"பிரேக் ஹோஸ் அடைச்சு ஆயில் திரும்பாம இருந்தா இப்ப விட்டிருக்கும் தம்பி. இது காலிப்பர் நகர்ற பின்னாத்தான் இருக்கும்."

கழற்றினால் கீழ்ப் பின்னின் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, தண்ணீர் இறங்கி, செங்கல் நிறத்தில் துரு. சுத்தியலால் தட்டித்தான் வெளியே வந்தது. காலிப்பர் நகர முடியாமல் பிரேக் பேடு டிஸ்க்கைப் பிடித்தபடியே ஓடியிருக்கிறது. ஓட ஓடச் சூடு, சூட்டில் டிஸ்க் கோணல், கோணலில் உதறல். ஆறினால் சரி. டிஸ்க்கில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. கொஞ்ச நாளாக மைலேஜ் குறைந்ததற்கு நான் தக்காளிப் பெட்டியின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

பின், பூட், பேடு, டிஸ்க் எல்லாம் புதுசு. பின்னுக்குப் பிரேக் கிரீஸ்தான் வைத்தார். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடுமாம்.

கழற்றிப் போட்ட பழைய டை ராட் எண்ட் இன்னும் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. நேற்று எடுத்து ஆட்டிப் பார்த்தேன். துளி ஆட்டமில்லை.