டெஸ்ட் லேம்ப் எரிந்தது, எர்த் இல்லை

போன வருஷம் ஐப்பசி மழையில் வேளச்சேரிப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டிலிருந்து கூப்பிட்டார்கள். துணி காயவில்லை என்று டிரையர் வாங்கி, பால்கனியில் ஏற்கெனவே இருந்த சாக்கெட்டிலேயே மாட்டியிருந்தார்கள். "ஷாக்கெல்லாம் இல்ல தம்பி, கை ஈரமா இருந்தா லேசா சுர்ருங்குது, அதுவும் மெஷின் சூடாகுறப்ப மட்டும்தான்" என்றார் வீட்டம்மா.

அந்தக் கடைசி வார்த்தைதான் இடித்தது. ஹீட்டர் கரண்ட் இழுக்கும்போது மட்டும் மெஷின் பாடியில் வோல்டேஜ் ஏறுகிறது என்றால் கோளாறு மெஷினில் மட்டுமல்ல, ஒயரிங்கிலும் இருக்கலாம். கூட வந்த பையன் டெஸ்ட் லேம்பை பேஸுக்கும் (கரண்ட் வரும் ஒயர்) எர்த்துக்கும் (லீக் ஆனால் மண்ணுக்குக் கடத்தும் ஒயர்) வைத்துப் பார்த்து, பளிச்சென்று எரிந்ததும் "எர்த் சூப்பர்ண்ணே" என்றான். டிரையரை ஓடவிட்டு, அதே போர்டில் பக்கத்து சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் (கரண்ட் திரும்பும் ஒயர்) எர்த்துக்கும் மீட்டரை வைக்கச் சொன்னேன். 2,400 வாட் மெஷின், 10 ஆம்ப்ஸுக்கு மேல் ஓடுகிறது, நிஜ எர்த் வந்திருந்தால், நியூட்ரல் ஒயரில் விழும் வோல்டேஜ் ஒன்றிரண்டு வோல்ட்டாவது காட்ட வேண்டும். சுத்தமாக 0.

மெயினை அணைத்து பிளேட்டைக் கழற்றினால், நினைத்த மாதிரியே எர்த் ஒயரே இழுக்கவில்லை, நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு ஒயரை லூப் அடித்து வைத்திருந்தார்கள். பையனின் லேம்ப் எரிந்தது அந்த நியூட்ரல் வழியாகத்தான். வழியில் ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் ஸ்க்ரூ லூஸாகிக் கருகியிருந்தது, சுர்ரென்றது அதனால்தான். அந்த நியூட்ரல் முழுசாக விட்டுப்போயிருந்தால் 230 வோல்ட் ஹீட்டர் வழியாக வந்து அப்படியே பாடியில் நின்றிருக்கும். "அதான் ஆர்சிசிபி இருக்கே" என்றார் வீட்டுக்காரர், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமில்லை என்றால் தானாக அணையும் ஸ்விட்சைத்தான் சொன்னார். லூப் அடித்த இடத்தில் மெஷினுக்குள் லீக் ஆனால் அந்தக் கரண்டும் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடும், போனதும் வந்ததும் சமம், 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபிக்கு எதுவுமே தெரியாது. அதை விளக்கவே அரை மணி நேரம் ஆனது, பாதி புரிந்திருந்தால் அதிகம்.

அப்புறம் வேலை என்னவோ சுலபம்தான். டிபியிலிருந்து (எல்லா லைனும் பிரியும் மெயின் பெட்டி) டிரையருக்கு மட்டும் தனி லைன், பேஸ், நியூட்ரல், பச்சை எர்த் மூன்றும் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், கரண்ட் அளவுக்கு மீறினால் விழும் தனி 16 ஆம்ப்ஸ் எம்சிபி ஸ்விட்ச், குழாய்த் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் 16 ஆம்ப்ஸ் சாக்கெட். சுவரில் ஒயரை மூடும் பிளாஸ்டிக் கேசிங் ஓடினால் அசிங்கமாக இருக்குமே என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கவலை.

பையனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஹெல்பராக இருந்த காலத்தில் "லைட் எரியுதா, முடிஞ்சது, கிளம்பு" என்றுதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், அந்த லூப்பை என் கையாலேயே எத்தனை வீட்டில் போட்டேன் என்று கணக்கில்லை. அந்த வாரம், நினைவிருந்த மூன்று வீடுகளுக்குப் போனேன், காசு வேண்டாம், பிரித்துச் சரிபண்ணித் தருகிறேன் என்று. இரண்டு வீட்டில் விட்டார்கள். மூன்றாவது வீட்டு அக்கா "இத்தன வருஷமா நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கழட்டணும்?" என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்.