நிறத்தைப் பார்க்காமல் துண்டைப் பாருங்கள்

விடுமுறை வந்தால் மாங்குளத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் அயல் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். ரூபிக்ஸ் கியூப் கைமாறிக்கொண்டே இருக்கும். யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: நிறத்தைப் பார்க்க வேண்டாம், துண்டைப் பாருங்கள்.

வெள்ளைச் சதுரம் ஒன்பதும் சேர்ந்ததும் "சித்தி, ஒரு பக்கம் முடிஞ்சுது!" என்று அக்காவின் மகள் ஓடி வருவாள். "சரி பிள்ளை, பக்கவாட்டைப் பார்" என்பேன். பச்சை நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு நிற்கும். அது முடிந்த பக்கம் இல்லை.

மூலைத்துண்டு 8, ஒவ்வொன்றிலும் 3 நிறம். விளிம்புத்துண்டு 12, ஒவ்வொன்றிலும் 2 நிறம். நடுத்துண்டு ஆறும் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதே இல்லை. ஆகவே பச்சை நடு எங்கே இருக்கிறதோ அதுதான் பச்சைப் பக்கம். வெள்ளை-பச்சை விளிம்புக்கு உரிய இடமும் ஒன்றே ஒன்று. இது விளங்கிவிட்டால் முதற்படியான வெள்ளைச் சிலுவைக்கு, அதாவது வெள்ளை நடுவைச் சுற்றி நான்கு வெள்ளை விளிம்புகளைச் சேர்ப்பதற்கு, சூத்திரமே (பாடமாக்கிய சுற்று வரிசையே) தேவையில்லை. பிறகு வெள்ளை மூலைகள், நடு அடுக்கு, கடைசியாக மஞ்சள் அடுக்கு.

யூடியூப் பார்த்துச் சூத்திரம் பாடமாக்குவதை நான் தடுப்பதில்லை. ஆனால் கை சுற்றும்போது கண் ஒரு துண்டைப் பின்தொடர வேண்டும். உதாரணத்துக்கு இந்த நான்கு கால்சுற்றையும் ஒரு தடவையாகச் செய்து பாருங்கள்: வலப்பக்கத்தை மேலே, மேலடுக்கை இடப்பக்கம், வலப்பக்கத்தைக் கீழே, மேலடுக்கைத் திரும்ப வலப்பக்கம். முன்புறம் வலது கீழ் மூலையை மட்டும் கவனியுங்கள். முதல் தடவை அது மேலே போகும். இரண்டாம் தடவை திருகுப்பட்டுத் தன் இடத்துக்கே வரும். 6 தடவை செய்தால் முழுக் கியூபும் பழையபடி நிற்கும். இதைக் கண்ட பிள்ளைக்குக் கலைந்துவிடுமே என்ற பயம் போய்விடும். எனக்கு அதுதான் பெரிய சந்தோசம்.

எந்த நிலையையும் 20 சுற்றுக்குள் தீர்க்கலாம் என்று 2010 இல் கணினி கொண்டு நிறுவிவிட்டார்கள். எங்கள் வழி நூறைத் தாண்டும். தொடங்குபவர்களுக்கு அது பரவாயில்லை.

கோடையில் எங்கள் ஊர்ப் புழுதி உள்ளே போய்க் கியூப் இறுகும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், புழுதி இன்னும் ஒட்டும். மேலடுக்கைக் கால்சுற்றின் அரைவாசி (45 பாகை) திருப்பி, ஒரு விளிம்புத்துண்டை நெம்பிக் கழற்றி, துணியால் துடைக்கலாம். பூட்டும்போது நிறங்கள் சரியாக இருக்கும்படியே பூட்டுங்கள். கண்டபடி பூட்டினால் 12 இல் ஒரு வாய்ப்புத்தான் தீர்க்கக்கூடியதாக அமையும். கடைசியில் ஒரு மூலை மட்டும் திருகி நின்றால் எந்தச் சூத்திரமும் உதவாது. கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும்.