உப்புவெளி விறாந்தையிலிருந்து: ஜூலை மாத நாட்குறிப்பு

2024 ஜூலை 6, சனி

கச்சான் காற்று விடாமல் வீசிக்கொண்டிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு விறாந்தையெல்லாம் மணல். அந்த நேரத்தில்தான் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹார்ட்டில்பூல் என்ற துறைமுக ஊரிலிருந்து வயதான தம்பதியர் இருவர், திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் விருந்தினரை ஏற்கும் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்குவதற்காக வந்து இறங்கினார்கள். இந்தப் பருவத்தில் வருகிறவர்களிடம் எதற்காக வந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலானோர் கடற்கரை என்பார்கள், புறாமலைத் தீவு என்பார்கள், திமிங்கிலம் பார்க்கவேண்டும் என்பார்கள். இவர்கள் சொன்ன காரணத்தை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. அவர்களுடைய ஊரின் துறையில் ‘திருகோணமலை’ என்ற பெயருள்ள பழைய போர்க்கப்பல் ஒன்று நிற்கிறதாம். பல ஆண்டுகளாகப் பார்த்து வந்த அந்தப் பெயருக்குரிய ஊரை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறார்கள்.

நான் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்படி ஒரு கப்பல் இருப்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இரவு நெடுநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். நெப்போலியனுடனான போர்களால் இங்கிலாந்தில் கப்பல் கட்டுவதற்குரிய கருவாலி மரம் அருகிப்போயிருந்தபடியால், 1817 இல் பம்பாயில் மலபார்த் தேக்கினால் அதைக் கட்டினார்களாம். 1782 இல் எங்கள் கடலில் ஆங்கிலேயக் கடற்படைக்கும் சுஃப்ரன் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கடற்படைக்கும் நடந்த சண்டையின் நினைவாக இந்தப் பெயரை வைத்தார்களாம். பின்னர் அது வேறு பெயருடன் பல பத்தாண்டுகள் பயிற்சிக் கப்பலாக இருந்து, 1987 இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவரப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்ட பிறகு, பழைய பெயரைத் திரும்பப் பெற்றிருக்கிறது. தேக்கு என்பதாலேயே இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் மிதக்கிறது என்று கணவர் சொன்னபோது, அந்தக் குரலில் தன் ஊரைப் பற்றிய பெருமை இருந்தது. எனக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று தோன்றியது.

2024 ஜூலை 7, ஞாயிறு

காலை உணவுக்குச் சிவப்பரிசி இடியப்பமும் பாற்சொதியும் சம்பலும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பாணும் முட்டையும் கொடுத்தனுப்புவது எளிது. ஆனால் ஓர் ஊரின் அடுப்படிக்குள் போகாமல் அந்த ஊரைப் பார்த்துவிட்டேன் என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆகவே இருவரையும் அடுப்படிக்கே அழைத்து, அம்மியின் அருகே உட்காரவைத்தேன்.

செத்தல் மிளகாயையும் உப்பையும் முதலில் அரைத்து, அதனோடு மாசித்துண்டை நசுக்கி, சின்ன வெங்காயத்தைத் தட்டிச் சேர்த்து, பிறகு தேங்காய்ப்பூவைப் போட்டு, குழவியால் அழுத்தாமல் உருட்டி உருட்டி எடுத்தேன். அதிகம் அழுத்தினால் தேங்காய் பால் விட்டுக் களியாகிவிடும். கடைசியில் தேசிக்காய்ப் புளி. கை வேலை செய்துகொண்டிருக்க, வாய் விளக்கிக்கொண்டிருந்தது: மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயரின் கப்பல்கள் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம்மவர்களின் உறைப்பு பெரும்பாலும் மிளகுதான். மிளகாய் என்ற பெயருக்குள்ளேயே மிளகு இருக்கிறது. மாசி, சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் விறகு போல இறுகும்வரை காயவைப்பது. அது மாலைத்தீவின் கைவேலை. சம்பல் என்ற சொல்லோ மலாய்க்காரர்களுடையது. எங்கள் வீட்டு அம்மியில் எங்களுக்கே உரியது தேங்காய் ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது.

சொதியில் மட்டும் அந்த அம்மையார் என்னை மறித்து ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். பச்சை மிளகாய், வெங்காயம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் நீர்ப்பாலில் அவியவிட்டு, இறக்குவதற்குச் சற்று முன் முதற்பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே நிற்கவேண்டும், கொதிக்கவிடக் கூடாது, இறக்கிய பிறகே தேசிக்காய் பிழியவேண்டும். விருந்தினரை ஏற்கத் தொடங்கிய முதல் ஆண்டில், படலையில் யாரோ கூப்பிட்ட சத்தத்துக்கு நான் எழுந்துபோக, பால் திரைந்து, எட்டுப் பேருக்கு வைத்த சொதி முழுவதும் வீணாகிப்போனதை அவரிடம் சொன்னேன். அன்று பட்ட வெட்கம் இன்னும் மறக்கவில்லை.

2024 ஜூலை 9, செவ்வாய்

கோட்டைக்கும் கோணேசர் கோயிலுக்கும் அழைத்துப் போனேன். வெயில் ஏறுமுன் போகவேண்டும் என்பதால் ஆறரை மணிக்கே புறப்பட்டோம். கோட்டை வாசலுக்குள் மான்கள் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்தன.

வாசல் நிலையிலுள்ள கல்லில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. முன்னே குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்று சொல்லும் பாட்டு அது. சம்பந்தர் கோணமாமலை என்று பாடிய இந்தக் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். அந்தக் கல்லைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது; விரல் நுனியில் மீனின் செதில் தட்டுப்படுகிறது. இதைப் பார்க்காமல் நேரே மலையுச்சிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கோட்டையை 1639 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இடையில் பிரெஞ்சுக்காரர்களும் வந்து போனார்கள். 1795 இல் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். கோட்டைக்குப் பிரெடரிக் என்ற பெயர் ஆங்கிலேயர் வைத்தது. இவற்றை நான் சொல்லிவரும்போது, அந்த மனிதர் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்: கோயிலை இடித்தவர்கள்மேல் உங்களுக்கு இன்னும் கோபம் இருக்கிறதா?

உடனே பதில் சொல்ல முடியவில்லை. 1950 இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தரும் பிள்ளையாரும் அம்பாளும் செப்புத் திருமேனிகளாக வெளிவந்ததையும், 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் மலையடியில் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டதையும், 1963 இல் குடமுழுக்கு நடந்ததையும் சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டு, அவர்களை இருக்கச் சொன்னபோதுதான் எனக்குள் சுரீர் என்றது. விறாந்தை போர்த்துக்கேயச் சொல். கதிரை, மேசை, அலுமாரி, பாண், சப்பாத்து, கோப்பை எல்லாம் அவர்களுடையவை. அலுவலகத்தைச் சொல்லும் கந்தோரும், மேசை இழுப்பறையைச் சொல்லும் லாச்சியும் ஒல்லாந்தர் விட்டுப்போனவை. கோயிலை உடைத்தவர்களின் சொல்லால்தான் நான் விருந்தாளிக்கு இருக்கை கொடுக்கிறேன். கோபம் உண்டு, அந்தச் சொற்களை என் வீட்டைவிட்டு வெளியேற்றவும் மாட்டேன். இரண்டும் உண்மை என்றே அவரிடம் சொன்னேன்.

2024 ஜூலை 10, புதன்

கன்னியா வெந்நீரூற்று. ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு சிறிது மாறும். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தி உண்டாக்கியவை என்பது எங்கள் ஐதீகம். கூட்டம் அதிகமாக இருந்தபடியால் விரைவில் திரும்பிவிட்டோம்.

2024 ஜூலை 12, வெள்ளி

நிலாவெளி வீதியிலுள்ள போர்க்கால மயானத்துக்கு அவர்களாகவே போகவேண்டும் என்றார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லறைகள், வெட்டி ஒழுங்குபடுத்திய புல், நடுவே மரநிழல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தின்மீதும் சீனக்குடா விமானத் தளத்தின்மீதும் குண்டு போட்டன. எங்கள் அம்மம்மா குடும்பத்தோடு காட்டுப்பக்கம் ஓடிப்போய், மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்று நாட்களைக் கழித்ததாகச் சொல்லுவார். நான் அதைச் சொன்னதும், அந்த அம்மையார் தம்முடைய ஊரும் 1914 டிசம்பர் 16 அன்று ஜெர்மானியப் போர்க்கப்பல்களின் குண்டுவீச்சுக்கு ஆளானது என்றும், தம் பாட்டி குழந்தையாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஓடியவர் என்றும் சொன்னார். வீடு வந்து சேரும்வரை மூவரும் அதிகம் பேசவில்லை.

2024 ஜூலை 14, ஞாயிறு

கிண்ணியா. எங்களுக்கு ஆண்டுக்கணக்காகத் தயிர் தருகிற ராத்தா மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். 2009 இல் பாலம் திறப்பதற்கு முன், பாதை என்கிற தட்டைப் படகில் ஏறி அக்கரை சேருவதற்குள் வெயிலில் வாடிப்போவோம். 396 மீற்றர் நீளமுள்ள பாலம் இப்போது சில நிமிட வேலை.

பாரைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பால்கறி. பிறகு சட்டியோடு எருமைத் தயிர். கவிழ்த்தாலும் விழாத இறுக்கம், மேலே மஞ்சள் ஆடை, அதன்மேல் கித்துள் பாணி. “பிள்ளை, அவங்களுக்கு இன்னும் கொஞ்சம் வையுங்க, வெட்கப்பட்டுச் சாப்பிடுறாங்க” என்று ராத்தா என்னை ஏவிக்கொண்டே இருந்தார். தங்கள் பக்கத்துச் சாப்பாடு எது என்று ராத்தா கேட்க, பார்மோ என்றார்கள்: கோழியிறைச்சியைத் தட்டித் தட்டையாக்கி, பாண்தூளில் புரட்டிப் பொரித்து, மேலே பால் குழம்பும் பாற்கட்டியும் வைத்து உருக்கி எடுப்பதாம். பெயரின் வேர் இத்தாலியச் சமையலில் இருக்கிறதாம். “அப்ப உங்கட ஊருக்கும் கப்பலில வந்ததுதான்” என்றார் ராத்தா.

2024 ஜூலை 27, சனி

இன்று ஹார்ட்டில்பூலிலிருந்து படங்கள் வந்தன. கப்பலின் முகப்பில் தலைப்பாகை கட்டிய மனிதன் ஒருவனின் உருவம் செதுக்கியிருக்கிறார்கள். மேல்தளத்துப் பலகைகளை நெடுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூடவே ஒரு கேள்வியும் வந்திருந்தது: தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பாலில் சொதி வைத்தால் திரையுமா? திரையும், ஆகையால் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு விட்டு, கை ஓயாமல் துழாவுங்கள், அந்த நேரத்தில் வாசலில் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.