மர்யம் வீட்டுத் தண்ணீர், இரண்டு போத்தல்

முதலில் டாக்சிக்காரன் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மனம் ஆறாது. துருக்கியில் செல்சுக் என்ற சின்ன ஊரிலிருந்து மாதா வீட்டுக்கு (இயேசுவின் தாய் மரியாள், முஸ்லிம்களுக்கு மர்யம், வாழ்ந்ததாக நம்பப்படும் வீடு) எட்டுக் கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் மலை ஏற்றம், பஸ் கிடையாது. அவன் கேட்ட காசு எங்கள் இருவரின் ஒருநாள் சாப்பாட்டுக் காசு. காத்திருப்பதற்கும் சேர்த்தே பேசிவிட்டு, திரும்பி இறங்கியதும் அதற்குத் தனியாகக் கேட்டான்! திருகோணமலையில் இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு ஐயா அது. போகிறவர்கள் நாலு பேராகச் சேர்ந்து பிடியுங்கள், தொகையை எழுதிக் காட்டிவிட்டு ஏறுங்கள். நுழைவுச்சீட்டு வேறு இருக்கிறது.

சரி, மேலே போனதும் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மரங்களுக்கு நடுவே சின்னக் கல் வீடு, அவ்வளவுதான். ஜெர்மனியை விட்டு வெளியே போகாத கத்தரீன் எம்மெரிக் என்ற கன்னியாஸ்திரி கண்ட காட்சிகளை வைத்து, 1891இல் இஸ்மீர் குருமார் தேடிக் கண்டுபிடித்தது. மாதா கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தார் என்று திருச்சபை அறுதியாகச் சொன்னதில்லை, ஆனாலும் 1967, 1979, 2006 என்று மூன்று பாப்பரசர்கள் வந்து செபித்திருக்கிறார்கள்.

என்னோடு வந்தவன் கிண்ணியா நண்பன். நான் பீடத்துக்கு முன் அருள்நிறை மரியே சொல்ல, பக்கத்தில் அவன் கையேந்தி துஆ கேட்டான், பின்னால் முக்காடிட்ட துருக்கிக் கிழவி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றா. "குர்ஆன்ல பேர் சொல்லி வாற ஒரே பொம்பள மர்யம்தான் மச்சான், 19ஆவது சூராவே அவங்கட பேர்தான்" என்று வெளியே வந்து சொன்னான். இத்தனை வருடப் பழக்கத்தில் இதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

கீழே ஊற்றுக் குழாய்கள், பக்கத்துச் சுவர் முழுக்க நேர்த்திக்குக் கட்டிய துணியும் கடதாசியும். கோணேசர் கோவில் மரத்தில் தொட்டில் கட்டுவதுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம் செல்சுக்கில் கோஸ்லெமே! கீரையும் சீஸும் வைத்து மடித்துச் சுட்ட ரொட்டி, மலிவு, ஆளுக்கு இரண்டு சாப்பிட்டோம்.

அம்மாவும் அவனுடைய உம்மாவும் கேட்டது ஒன்றையேதான், அந்த ஊற்றுத் தண்ணீர். போத்தல் இரண்டையும் சாரத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தோம். அம்மா தன்னுடையதை மாதா சுரூபத்தடியில் வைத்துவிட்டா. உம்மா அன்றைக்கே வீட்டில் எல்லோருக்கும் ஒவ்வொரு மிடறு கொடுத்து, எனக்கென்றும் ஒரு மிடறு எடுத்து வைத்திருந்தா.