பைன் பெட்டியின் மஹாகனி வேஷம்

கனெக்டிகட்டில் ஒரு பழம்பொருள் கடையில் வாங்கிய போர்வைப் பெட்டி இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. ஆறு பைன் பலகைகளை ஆணியடித்துச் சேர்த்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்து வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கிய வகை. மேலே செம்பழுப்பு வண்ணமும் கறுப்பு வரிகளுமாக விலையுயர்ந்த மஹாகனி மரம்போல வேஷம் போட்டிருக்கிறது.

ஊரில் தச்சு வேலை செய்யும் மாமா வீடியோ அழைப்பில் பார்த்தார். "பெயிண்டைச் சுரண்டிவிட்டு உப்புத்தாள் போடு அம்மா. பாலிஷ் கொடுத்தால் மரம் பளிச்சென்று வரும்" என்றார்.

தேக்கென்றால் மாமா பேச்சுக்கு மறுபேச்சில்லை. இந்தப் பைனோ வண்ணம் பூசுவதற்கென்றே அறுத்தது. 1960, 70களில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட பெட்டிகளைக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கி எடுத்து, வெறும் மரமாக விற்பது நாகரிகமாக இருந்தது. பசை விட்டது, மரம் நார்நாராக எழும்பியது. செய்தவன் கண்ணாலும் பார்த்திராத ஒரு பொருளுக்குப் 'பழைய பைன்' என்று பெயர் வைத்தார்கள். போதாக்குறைக்கு, அந்தக் காலப் பெயிண்டில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். உப்புத்தாள் போட்டால் அந்தத் தூள் நம் மூச்சோடுதான் போகும்.

இந்த மர வரிப் பூச்சு வேலை நடந்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அடியில் வெளிர் வண்ணம் பூசிக் காயவிடுவார்கள். அதன்மேல் வினிகரில் குழைத்த கருநிறம். ஈரம் இருக்கும்போதே புட்டி (ஜன்னல் கண்ணாடி பதிக்கும் பசைமாவு) உருண்டை, இறகு, சோளச்சக்கை என்று கைக்குக் கிடைத்ததை அழுத்தி வரி எழுப்புவார்கள். பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். கடைசியில் வார்னிஷ். என் பெட்டியின் முன்பலகையில் ஒரே சுழி, இடது ஓரத்தில் அதே சிறு பிசிறோடு, வரிசையாக வருகிறது. புட்டியை உருட்டியவர் அவசரக்காரர் போலும்! பலகை முனையில் ஆண்டு வளையம் தெரிய வேண்டிய இடத்திலும் கூச்சமில்லாமல் நெடுவரியையே இழுத்திருக்கிறார்.

இந்தப் பூச்சை ஆங்கிலேயக் கலை விமர்சகர் ரஸ்கின் 1849இல் ஏமாற்று வேலை என்று சாடினார். காசில்லாதவர்களின் போலி என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். ஜார்ஜ் வாஷிங்டனுக்கா காசில்லை? மவுண்ட் வெர்னானில் தம் வீட்டு நடுக்கூடத்து மரவேலைக்கு 1797இல் மஹாகனி வரி தீட்டச் செய்தார். வெளிச்சுவரோ பைன் பலகையில் ஈரப் பெயிண்டின்மேல் மணலைத் தூவிக் கல்லாக்கியது.

பெட்டியைக் காய்ந்த மென்தூரிகையால் மட்டும் தூசு தட்டுகிறேன். வார்னிஷ் தேய்ந்த சாவித்துளைப் பக்கம் தண்ணீர் பட்டால் வினிகர் வண்ணம் கரைந்துவிடும். மூடிமேல் காபி டம்ளர் வைக்க வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.